குடியானவர் பாங்கி

தேச சஞ்சாரம் செய்துவிட்டு வருகிறவர்களிடம், "என்னென்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால், பதில் பெரும்பாலும் ஒரே மாதிரியாக இருக்கும். கோயில், கோட்டை, அரண்மனை, அருவி, மியூஸியம் - இவ்வளவுதான். நடுவில் பணம் மாற்றுவதற்காகப் பாங்கிக்குப் போயிருப்பார்கள். ஆனால் பாங்கியைப் பார்ப்பதற்காகவே பாங்கிக்குப் போனவர்கள் உண்டா? அதுவும் பெரிய பட்டணத்துப் பாங்கியல்ல. நாட்டுப்புறத்துச் சிறிய ஊர் ஒன்றில், கடைவீதி மூலையில் நிற்கும் பாங்கி!

அப்படியும் ஒரு பாங்கி இருக்கிறது. அமெரிக்காவின் வடபாகத்தில், மின்னஸோட்டா ராஜ்யத்தில், ஓவட்டோனா என்று ஓர் ஊர். அந்த ஊர்க் கடைவீதி மூலையில் 1908-ம் வருஷத்தில் ஒரு பாங்கிக் கட்டிடம் திறக்கப்பட்டது. பணம் போடவும் எடுக்கவும் வந்த குடியானவர்களோடு கூட, கட்டிடக் கலை பயிலும் மாணாக்கர்களும் நிபுணர்களும் தூர தேசங்களிலிருந்து வந்து, அதன் எதிரே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அவர்களுடைய வருகை நிற்கவில்லை. 1976-ல் அமெரிக்க சர்க்கார் அதைத் தேசியச் சரித்திரச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்த்தார்கள். 1981-ல் அதன் படத்தைப் போட்டு 18 ஸெண்ட் தபால் தலையும் வெளியிட்டார்கள்.

அது பிழைத்த விதம் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. ராஜாக்கள் கட்டிய கட்டிடத்தை யாராவது காப்பாற்றுவார்கள். வியாபாரத்துக்காகக் கட்டிய கட்டிடத்தை எதற்காகக் காப்பாற்ற வேண்டும், எப்படிக் காப்பாற்ற முடியும் என்ற கேள்விக்கு ஓவட்டோனாவில் ஒரு பதில் இருக்கிறது.

வெண்ணெய் விற்ற ஊர்

மின்னியாபோலிஸ் நகரத்திலிருந்து தெற்கே சுமார் 65 மைல் தூரத்தில் உள்ள ஊர் ஓவட்டோனா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஏறக்குறைய 5,500 பேர் வசித்தார்கள். இன்று 26,000-க்கு மேல். சுற்றிலும் வயல்கள், பசும்புல் தரைகள். தானியம் விளைவிப்பதும் மாடு வளர்ப்பதும்தான் ஜனங்களின் ஜீவனம். அந்தப் பிரதேசத்து வெண்ணெய்க்கு அமெரிக்கா முழுவதிலும் நல்ல பேர் இருந்தது. வெண்ணெய் விற்ற பணமும் தானியம் விற்ற பணமும் சேர்ந்த இடம், குடியானவர்களின் பெயரையே தாங்கிய தேசியக் குடியானவர் பாங்கி.

பாங்கி வளர்ந்தது, பழைய இடம் போதவில்லை. புதிய கட்டிடம் கட்டத் தீர்மானித்தார்கள். இதுவரையில் எந்த ஊரிலும் நடக்கக்கூடிய விஷயந்தான். இதற்கு மேல் நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், நாம் சிக்காகோ வரையில் ஒரு தடவை போய் வரவேண்டும்.

1893-ல் நடந்த இரண்டு காரியங்கள்

சிக்காகோ என்றதும் நம் நேயர்களுக்கு ஒரு விஷயம் உடனே ஞாபகத்துக்கு வரும். 1893-ம் வருஷம் செப்டம்பர் 11-ந் தேதி சுவாமி விவேகானந்தர் சர்வமத மகாசபையில் எழுந்து பேசினார். அந்த மகாசபை, அவ்வருஷம் சிக்காகோவில் நடந்த மாபெரும் உலகக் கண்காட்சியை ஒட்டிக் கூட்டப்பட்டது.

அதே கண்காட்சியில் இன்னொரு காரியமும் நடந்தது. கண்காட்சியின் நடு முற்றத்தைச் சுற்றி எழுப்பிய கட்டிடங்கள் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன. கிரேக்கத் தூண்கள், ரோமாபுரிக் கும்மட்டங்கள், இத்தாலி தேசத்து மாடங்கள் எல்லாவற்றையும் சுண்ணக் கலவையில் வார்த்து வைத்திருந்தார்கள். பார்த்த ஜனங்கள் சொக்கிப் போனார்கள். ஊர் திரும்பியதும், "நமக்கும் இம்மாதிரி வேண்டும்" என்றார்கள். அதன் பிறகு அமெரிக்காவில் பாங்கி என்றால் வாசலில் நாலு கிரேக்கத் தூண் இருந்தே தீரவேண்டும் என்று ஆகிவிட்டது. சோளம் விற்றவன் பணம் போட வந்தாலும், ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் சபா மண்டபத்துக்குள் நுழைவதுபோல் நுழைய வேண்டியதாயிற்று!

அந்தக் கண்காட்சியில் ஒரே ஒரு பெரிய கட்டிடம் வெள்ளைக்கு இணங்காமல் பல வர்ணங்களுடன் விளங்கிற்று. போக்குவரத்துச் சாதனங்களை வைப்பதற்காகக் கட்டிய அந்த மண்டபத்தின் வாசலைத் தங்க வாசல் என்று அழைத்தார்கள். அதைச் சமைத்தவர் லூயி ஸல்லிவன்.

ஸல்லிவன் 1856-ல் பிறந்தவர். வானளாவும் மாடிக் கட்டிடங்களுக்கு முதன் முதலில் ஓர் அழகிய உருவத்தைக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பிராங்க் லாயிட் ரைட் இவரிடந்தான் தொழில் பழகினார். ஒரு தேசத்துக் கட்டிடம் அந்தத் தேசத்து மண்ணிலிருந்தும், அங்கே வாழ்கிற ஜனங்களின் வாழ்க்கையிலிருந்தும் முளைத்து எழ வேண்டும் என்பது ஸல்லிவனுடைய கொள்கை. குடியரசு நாட்டு ஜனங்கள் பழைய சக்கரவர்த்திகளின் உடுப்பை இரவல் வாங்கிப் போட்டுக் கொள்வானேன் என்று அவர் கேட்டார். அந்தக் கண்காட்சி விளைத்த கேடு அரை நூற்றாண்டுக்கு நீடிக்கும் என்றும் தம் சுயசரிதையில் எழுதினார்.

உலகம் எப்போதும் செய்வதையே அப்போதும் செய்தது. இரவல் உடுப்புத் தைத்தவர்களுக்கு வேலை குவிந்தது. ஸல்லிவனுக்கு வேலை குறைந்தது. 1895-ல் அவருடைய கூட்டாளியான ஆட்லர் பிரிந்து போனார். ஐம்பது வயதை நெருங்கியபோது, ஒரு காலத்தில் சிக்காகோவின் முதன்மையான சிற்பியாயிருந்தவர் வேலைக்காகக் காத்திருக்கும் நிலைமைக்கு வந்துவிட்டார்.

சங்கீதப் பிரியரான பாங்கிக்காரர்

இனி ஓவட்டோனாவுக்குத் திரும்புவோம். பாங்கியின் உபதலைவர் கார்ல் பென்னெட் ஹார்வர்டு சர்வகலாசாலையில் படித்தவர். சங்கீதத்தில் அபாரப் பிரியம். மனம் பாட்டில் இருந்தது. குடும்பத் தொழில் பாங்கியில் இருந்தது. இம்மாதிரி மனிதர்கள் நம் ஊர்களிலும் உண்டு. பகலெல்லாம் கணக்கும் சாயங்காலத்தில் கச்சேரியுமாகக் காலங் கழிப்பவர்களை நாம் அறிவோம்.

புதிய கட்டிடத்துக்குத் திட்டம் போடச் சிற்பிகளைத் தேடியபோது, எல்லோரும் வழக்கமான தூண்களையே காட்டினார்கள். பென்னெட்டுக்கு அது திருப்தி தரவில்லை. அந்தச் சமயத்தில், 1906-ம் வருஷம், 'கிராப்ட்ஸ்மன்' என்னும் பத்திரிகையில் ஸல்லிவன் எழுதிய கட்டுரை ஒன்று அவர் கையில் கிடைத்தது. கட்டிடக் கலை என்பது என்ன என்று ஆராய்ந்த கட்டுரை. படித்ததும், "இவர்தான் நமக்கு வேண்டியவர்" என்று பென்னெட் தீர்மானித்துவிட்டார். சிக்காகோவுக்குக் கடிதம் போயிற்று. ஸல்லிவன் ரயில் ஏறி வந்தார்.

ஒரு பத்திரிகைக் கட்டுரையால் ஒரு கட்டிடம் எழும்பிற்று என்பது பத்திரிகை நடத்துகிறவர்களுக்குப் பெருமையான விஷயம். அதைப் படித்து யோசனை செய்த பாங்கிக்காரர் ஒருவர் இருந்தார் என்பது அதைவிடப் பெருமையானது.

இருவருக்கும் நல்ல சிநேகம் ஏற்பட்டது. வேலை முடியுந் தறுவாயில் ஸல்லிவன் பென்னெட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், தாம் வர்ணங்களைக் கொண்டு ஒரு பெரிய வாத்தியக் கச்சேரியையே அமைக்க முயல்வதாகத் தெரிவித்திருக்கிறார். தந்தி வாத்தியம், குழல், எக்காளம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே ஒலித்தும் ஒன்றாகச் சேர்ந்து இசைப்பது போல, வர்ணங்களும் சேர வேண்டும் என்பது அவருடைய எண்ணம். சங்கீதப் பிரியரான பாங்கிக்காரரிடம் வேறு எந்த உபமானத்தைச் சொல்லி விளக்குவது!

செங்கலும் வர்ணமும்

கட்டிடத்தை வெளியிலிருந்து பார்ப்போம். 68 அடி சதுரத்தில் பெரிய பெட்டி ஒன்றை வைத்தாற்போல் நிற்கிறது. அடியில் செந்நிற மணற்கல். அதற்கு மேல், ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் பல சாயைகளில் சுட்டெடுத்த செங்கல். தூரத்திலிருந்து பார்த்தால், சுவர் பல நிற நூல்களால் நெய்த கம்பளம் மாதிரி தோன்றும். வீதியைப் பார்த்த இரண்டு பக்கங்களிலும் 36 அடி அகலமுள்ள வளைவு ஒவ்வொன்று. அதன் உள்ளே முழுவதும் வர்ணக் கண்ணாடி. சுவரின் ஓரத்தைச் சுற்றிப் பச்சையும் நீலமும் கலந்த மொஸைக் பட்டை ஓடுகிறது. அதற்குத் துணையாகச் சுடுமண்ணில் வார்த்த கொடிகளும் இலைகளும். மூலைகளில் சுடுமண்ணாலேயே ஆன பெரிய கேடயம் போன்ற அலங்காரங்கள். தூண் என்று பெயருக்குக்கூட ஒன்று இல்லை!

பக்கத்தில் அதே செங்கலால் இரண்டு மாடிக் கட்டிடம் ஒன்று தொடர்கிறது. கீழே கடைகளும் மேலே ஆபீஸ்களும் வாடகைக்கு விடுவதற்காகக் கட்டியது. பாங்கிக்காரர்கள் கலையிலும் கணக்கை மறக்கவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

உள்ளே போனால், முதலில் கண்ணில் படுவது வெளிச்சம். வர்ணக் கண்ணாடி வழியாகவும், மேலே கூரையில் அமைத்த கண்ணாடி வழியாகவும், பசும்பொன் நிறத்தில் ஒளி இறங்குகிறது. வேனிற்காலத்து வயலில் மாலை வெயில் சாய்வது போல இருக்கும். வீதியில்லாத மற்ற இரண்டு பக்கங்களின் வளைவுகளிலும் பெரிய சித்திரங்கள். வியன்னாவில் பிறந்து சிக்காகோவுக்கு வந்த ஆஸ்கார் கிராஸ் என்னும் சித்திரக்காரர் எழுதியவை. ஒன்றில் மாடுகள் மேய்கின்றன. மற்றொன்றில் அறுவடை நடக்கிறது. கிரேக்க தேவதைகள் எவரும் அங்கே வரவில்லை. பாங்கிக்குள் நுழைந்த குடியானவன் தன் மாட்டையும் தன் வயலையுமே அங்கே கண்டான்.

மேலிருந்து தொங்கும் மின்சார விளக்குகள் நான்கு. வார்ப்பு இரும்பில் செய்த ஒவ்வொன்றின் எடையும் 2¼ டன். அவற்றில் உள்ள கொடியும் மொட்டும் இலையும், சுவரில் உள்ள சுடுமண் வேலையோடு அண்ணன் தம்பி போல் ஒத்திருக்கின்றன. இந்த அலங்காரங்களில் பெரும்பங்கு, ஸல்லிவனிடம் பல வருஷங்கள் உதவியாளராயிருந்த ஜார்ஜ் எல்ம்ஸ்லியின் கைவரிசை. அவற்றுக்குக் களிமண்ணில் உருக்கொடுத்தவர் கிறிஸ்டியன் ஷ்னைடர். வர்ணக் கண்ணாடியைச் செய்தவர் லூயி மில்லெட். ஒரு சின்ன ஊர் பாங்கிக்காக இத்தனை பேர் தங்களுடைய முழுத் திறமையையும் கொட்டியிருக்கிறார்கள்.

அழகு ஒருபுறம் இருக்கட்டும். யாருடைய சௌகரியத்துக்காக அந்தக் கட்டிடம் எழுந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். குடியானவர்கள் கூடிப் பேசித் தங்கள் காரியங்களைப் பார்த்துக் கொள்வதற்குத் தனியாக ஓர் அறை; ஸ்திரீகளுக்குத் தனியாக ஓர் அறை. நாட்டுப்புறத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வருகிறவர்கள், வேலை முடிகிற வரையில் எங்கே உட்காருவார்கள் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு இது. பணப் பெட்டகமும் ஒளித்து வைக்கப்படவில்லை. அதன் கனத்த கதவு வந்தவர்களின் கண்ணில் படும்படி இருந்தது. கட்டிடம் எழும்பிக் கொண்டிருந்த 1907-ல்தான் அமெரிக்காவில் பெரிய பணப் பீதி ஏற்பட்டுப் பல பாங்கிகளில் ஜனங்கள் முட்டி மோதினார்கள். அந்தக் காலத்தில், "உன் பணம் இதோ, இங்கே இருக்கிறது" என்று காட்டுவது எவ்வளவு தைரியம் தந்திருக்கும்!

1908 நவம்பரில் பென்னெட்டே அதே 'கிராப்ட்ஸ்மன்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். குடியானவர்களுக்காகக் கட்டிய பாங்கி என்பது அதன் தலைப்பு. படித்துக் கற்றுக்கொண்டவர் எழுதிக் கடனைத் தீர்த்துவிட்டார்.

இருவருக்கும் வந்த இறங்குமுகம்

இங்கேயே கதையை நிறுத்திவிட்டால் மங்களகரமாக இருக்கும். ஆனால் சரித்திரம் நம் சௌகரியத்தைப் பார்ப்பதில்லை.

பாங்கி திறந்த அடுத்த வருஷம், 1909-ல், சம்பளம் கொடுக்க வகையில்லாமல் எல்ம்ஸ்லியை ஸல்லிவன் அனுப்ப வேண்டியதாயிற்று. அதே வருஷம் தம் புத்தகங்களையும் சாமான்களையும் ஏலத்தில் விட்டார். பென்னெட் தமக்கு ஒரு வீடு கட்டித் தரச் சொல்லி ஸல்லிவனிடம் 1912-ல் படம் வாங்கினார். அந்த வீடு எழும்பவேயில்லை. அதன் பிறகு ஸல்லிவனுக்குக் கிடைத்த வேலைகளில் பெரும்பாலானவை சின்ன ஊர் பாங்கிகளே. 1924 ஏப்ரலில், சிக்காகோ நகரத்து ஹோட்டல் அறை ஒன்றில், ஏழையாக அவர் கண்ணை மூடினார்.

முதல் உலக யுத்தம் முடிந்தபின் அமெரிக்காவில் தானிய விலை சரிந்தது. நிலத்தின் மேல் கடன் வாங்கியவர்களால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. குடியானவன் விழுந்தால் குடியானவர் பாங்கி நிற்குமா? 1926-ல் தேசியக் குடியானவர் பாங்கி மூடப்பட்டது. பென்னெட் குடும்பத்தார் கையை விட்டு எல்லாம் போயிற்று.

கட்டியவர் போனார், கட்டச் சொன்னவரும் நொடித்துப் போனார். கட்டிடம் மட்டும் மூலையில் நின்றது.

கழற்றியவர்களும் காப்பாற்றியவர்களும்

பிறகு வேறொரு பாங்கி அதில் குடியேறிற்று. 1940-ல் அதன் நிர்வாகிகளுக்குக் கட்டிடத்தைப் புது நாகரிகத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டுமென்று தோன்றிற்று. காசாளர்கள் உட்கார்ந்த உலோகக் கம்பிக் கூண்டுகளையும், மற்றும் பல உள் வேலைப்பாடுகளையும் கழற்றினார்கள். அப்படிக் கழற்றிய சாமான்களில் சில இன்று மியூஸியங்களில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. குப்பையென்று எறிந்ததை, பிறகு மியூஸியம் தேடி எடுத்து வைத்தது!

அவர்களைத் தீயவர்கள் என்று சொல்வதற்கில்லை. ஜாஸ்தி வாடிக்கைக்காரர்கள், ஜாஸ்தி மேஜைகள், புதிய யந்திரங்கள் - வியாபாரம் நடக்க வேண்டும் அல்லவா? பழைய கட்டிடங்களுக்குப் பெரும்பாலும் ஆபத்து வருவது இந்த மாதிரி நல்லெண்ணத்தினால்தான்.

அடுத்த தலைமுறையில் மறுபடியும் இடம் போதாமற் போயிற்று. 1950-களில் பாங்கி நிர்வாகிகள் யோசித்தார்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது அப்போது அமெரிக்காவில் மிகவும் சகஜம். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஹார்வெல் ஹாமில்டன் ஹாரிஸ் என்னும் கட்டிடக் கலைஞரை அழைத்தார்கள். 1958-ல் முடிந்த அந்த வேலையில், பாங்கிக்கு வேண்டிய புதிய வசதிகளுக்கு ஹாரிஸ் இடம் கொடுத்தார். ஸல்லிவனுடைய வளைவுகளையும் வர்ணங்களையும் விளக்குகளையும் பேணிக் காத்தார். ஒரு வியாபார ஸ்தாபனம் தன் சொந்தப் பணத்தைச் செலவிட்டு, சட்டத்தின் கட்டாயம் இல்லாமல், இப்படிச் செய்தது. பழைய கட்டிடங்களைப் பற்றிய அமெரிக்கப் பொதுச் சட்டம் 1966-ல்தான் பிறந்தது என்பதை நினைத்தால் இந்தச் செயலின் பெருமை தெரியும்.

பிற்பாடு பாங்கியின் பெயர் மாறிற்று. பெரிய பாங்கிகளோடு சேர்ந்தது. 1998-ல் வெல்ஸ் பார்கோ பாங்கியின் கிளையாயிற்று. 2008-ல் கட்டிடத்துக்கு நூறு வயது நிறைந்தபோதும், அங்கே பணம் போடுவதும் எடுப்பதும் நடந்துகொண்டுதான் இருந்தது.

சிக்காகோவில் நடந்தது

சின்ன ஊர் செய்ததைப் பெரிய நகரம் செய்யவில்லை. ஸல்லிவனும் ஆட்லரும் சேர்ந்து சிக்காகோவில் கட்டிய காரிக் நாடக அரங்கு 1961-ல் இடிந்தது. மோட்டார் வண்டிகள் நிறுத்துவதற்கு அங்கே இடம் வேண்டியிருந்ததாம்! 1894-ல் அவர்கள் கட்டி முடித்த 13 மாடிப் பங்கு மார்க்கெட் கட்டிடம் 1972-ல் தரைமட்டமாயிற்று.

ரிச்சர்ட் நிக்கல் என்று ஒரு போட்டோக்காரர். ஸல்லிவனுடைய கட்டிடங்களைப் படம் பிடிப்பதையும், இடிக்கிறவர்களுக்கு முன்னால் ஓடி அலங்காரத் துண்டுகளைக் கழற்றி எடுத்து வைப்பதையும் வாழ்க்கையின் நோக்கமாகக் கொண்டவர். காரிக் அரங்கை இடிக்கக் கூடாதென்று வீதியில் நின்று கிளர்ச்சி செய்தார், பலிக்கவில்லை. 1972 ஏப்ரல் 13-ந் தேதி, இடிந்துகொண்டிருந்த பங்கு மார்க்கெட் கட்டிடத்துக்குள் வழக்கம் போல் நுழைந்தார். கட்டிடம் அவர்மேல் சரிந்தது. ஏறக்குறைய நாலு வாரத்துக்குப் பிறகுதான் அவருடைய சடலம் அகப்பட்டது. வயது 43.

அந்தக் கட்டிடத்தின் வியாபார மண்டபத்தில் எஞ்சிய துண்டுகளைக் கொண்டு, சிக்காகோ கலைக்கூடத்தின் புதிய பகுதி ஒன்றில் அந்த மண்டபத்தைத் திரும்ப அமைத்திருக்கிறார்கள். 1893-ல் விவேகானந்தர் பேசியதும் இந்தக் கலைக்கூடத்தின் பழைய கட்டிடத்திலேதான். அங்கே போகிற நம்மவர்கள் இரண்டையும் சேர்த்தே பார்த்து வரலாம். மண்டபம் வெகு நேர்த்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே வியாபாரம் நடக்கவில்லை. ஓவட்டோனா மண்டபத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

கடைக்கட்டிடத்தின் சங்கடம்

கோயிலுக்கு மானியம் உண்டு; அரண்மனைக்கு டிக்கெட் போடலாம். கடைக்கட்டிடம் தன் சோற்றைத் தானே சம்பாதிக்க வேண்டும். சம்பாத்தியம் நின்றால் கூரை ஒழுகும். கூரை ஒழுகினால் சுவர் விழும். அமெரிக்காவிலும், ஒரு கட்டிடத்தைச் சரித்திரப் பட்டியலில் சேர்த்துவிட்டதால் மட்டும், தனிச் சொந்தக்காரர் தம் செலவில் அதை இடிப்பதைத் தடுக்க முடியாது. ஊராட்சியார் தனியே விதி செய்திருந்தால்தான் உண்டு.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அந்நாட்டுச் சின்ன ஊர்களின் கடைவீதிகளுக்குப் பெரிய கஷ்டகாலம் வந்தது. ஜனங்கள் மோட்டாரில் ஏறி, ஊருக்கு வெளியே எழுந்த பெரிய அங்காடிகளுக்குப் போகத் தொடங்கினார்கள். கடைக்காரர்கள் பயந்து போய், தங்கள் கடைகளும் புதிதாகத் தோன்ற வேண்டும் என்று, செங்கல் முகப்புக்கு மேல் அலுமினியத் தகட்டை அடித்து மூடினார்கள். தகடு துரு ஏறாவிட்டாலும் நாளடைவில் சாயம் வெளுத்தது, வியாபாரமும் திரும்பவில்லை.

1977-ல் தேசியப் பாதுகாப்பு டிரஸ்ட் என்னும் ஸ்தாபனம் ஒரு பரீட்சை செய்து பார்த்தது. இல்லினாய் ராஜ்யத்தில் கேல்ஸ்பர்க், தெற்கு டகோடாவில் ஹாட் ஸ்பிரிங்ஸ், இண்டியானாவில் மாடிஸன் என்று மூன்று ஊர்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வோர் ஊரின் கடைவீதிக்கும் ஒரு நிர்வாகியை நியமித்தார்கள். அவருடைய வேலை இவ்வளவுதான்: கடைக்காரர்களை ஒன்று சேர்ப்பது, ஜனங்களை வீதிக்கு வரவழைக்க விழாக்கள் நடத்துவது, முகப்புகளைப் பழைய அழகுக்குக் கொண்டு வருவது, காலியான கடைகளுக்கு ஏற்ற வியாபாரத்தைத் தேடிப் பிடிப்பது. தகட்டைக் கழற்றிய இடங்களில், உள்ளே செங்கலும் வளைவும் அலங்காரமும் காத்துக் கொண்டிருந்தன. பரீட்சை பலித்தது. 1980-ல் இதற்கென்றே ஒரு நிலையத்தை நிறுவி நாடெங்கும் பரப்பினார்கள்.

சர்க்காரும் ஓர் உபாயம் செய்தார்கள். பட்டியலில் உள்ள பழைய கட்டிடத்தை, விதிகளுக்கு உட்பட்டு, அதன் குணம் கெடாமல் புதுப்பித்தால், செலவில் 100-க்கு 20 பங்கை வருமான வரியில் கழித்துக் கொள்ளலாம். இதில் ஒரு விசேஷம்: இந்தச் சலுகை வருமானம் தரும் கட்டிடங்களுக்கு மட்டுந்தான். சொந்தக்காரர் குடியிருக்கும் வீட்டுக்குக் கிடையாது. கடை கடையாகவே நடக்க வேண்டும், கட்டிடமும் நிலைக்க வேண்டும் என்பதே நோக்கம்.

மற்ற ஏழு

ஓவட்டோனாவைப் பார்த்துவிட்டு, வேறு ஊர்க்காரர்களும் ஸல்லிவனைத் தேடினார்கள். 1919 வரையில் பாங்கிகளும் கடன் கொடுக்கும் ஸ்தாபனங்களுமாக மொத்தம் எட்டுக் கட்டிடங்களை மத்திய மேற்குப் பிரதேசத்து ஊர்களில் அவர் கட்டினார். அவற்றில் ஸிட்னி என்னும் ஒஹையோ ராஜ்யத்து ஊரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஸல்லிவன் இரண்டு நாள் எதிர்ச்சாரியில் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, சிகரெட் பிடித்தபடி, காலி மனையையே பார்த்துக் கொண்டிருந்தாராம். பிறகு மளமளவென்று படம் வரைந்து நிர்வாகிகளிடம் காட்டினார். ஒருவர், "கிரேக்கத் தூண் வைத்தால் நன்றாயிருக்குமே" என்று இழுத்தார். ஸல்லிவன் படத்தைச் சுருட்டினார். "அதற்கு ஆயிரம் பேர் கிடைப்பார்கள், இதற்கு நான் ஒருவன்தான்" என்று சொல்லிப் புறப்பட எழுந்தாராம். நிர்வாகிகள் அவருடைய படத்தையே ஒப்புக் கொண்டார்கள். சிக்கனம் என்ற ஒரே சொல்லை அந்தக் கட்டிடத்தின் வாசலுக்கு மேல் மொஸைக்கில் பதித்திருக்கிறார்கள்.

எட்டுக் கட்டிடங்களும் இன்னும் நிற்கின்றன. எல்லாம் பாங்கியாகவே இருக்கவில்லை. அயோவா ராஜ்யத்துக் கிரின்னெல் ஊரின் கட்டிடத்தில் ஊர் வர்த்தக சபை குடியேறிற்று. ஸிடார் ராப்பிட்ஸ் நகரத்துக் கட்டிடத்தில் 2008-ம் வருஷ வெள்ளம் புகுந்தது. பிறகு சீர் செய்து உணவு விடுதியாக்கினார்கள். ஒஹையோவின் நியூவார்க் ஊரில் உள்ளது மாமிசக் கடை, நகைக்கடை, ஐஸ்கிரீம் கடை என்று பல வேஷம் போட்டு, கடைசியில் அந்த ஊர் தர்ம நிதி ஸ்தாபனம் ஒன்றின் கைக்கு வந்து புதுப்பிக்கப்பட்டது. வேஷம் எதுவானாலும், உள்ளே மனிதர்கள் வந்து போய்க் கொண்டிருந்தார்கள். அதனால் உயிர் போகவில்லை.

நம் வீதியில்

இத்தனையும் படித்த நேயர்கள், "ஸல்லிவன் நம் ஊரில் ஒன்றும் கட்டவில்லையே!" என்று சொல்லலாம். ஓவட்டோனாக் கட்டிடத்தின் மதிப்பு ஸல்லிவன் பெயரில் மட்டும் இல்லை. ஒரு பாங்கிக்காரர், தம்மிடம் பணம் போட வருகிற குடியானவனுக்கு நாட்டிலேயே சிறந்த கலைஞனின் வேலை தகும் என்று நினைத்தார். அந்த நினைப்பு செங்கலாகவும் கண்ணாடியாகவும் நிற்கிறது. எந்தப் புத்தகத்திலும் அதை அவ்வளவு தெளிவாக எழுதி வைக்க முடியாது. அந்த ஊர் எதை விற்றுப் பிழைத்தது, யாரை மதித்தது, எதற்குப் பயந்தது என்பதெல்லாம் அந்த ஒரு மூலையில் தெரிகிறது.

நம் ஊர்க் கடைவீதிகளிலும் இம்மாதிரி சாட்சிகள் உண்டு. தேக்கு மரத்தூண் நிறுத்திய ஜவுளிக்கடை, வந்தவர்கள் உட்காரத் திண்ணை விட்ட மளிகை மண்டி, முகப்பில் சுதையால் தேதியும் தெய்வ உருவமும் பதித்த பழைய கடைக்கட்டிடம் - இவற்றுக்கு மேல் தகர விளம்பரப் பலகை ஏறிவிட்டதால் நமக்குத் தெரிவதில்லை. பலகையைக் கழற்ற அதிகச் செலவாகாது. கழற்றிவிட்டு முதலில் ஒரு தடவை பார்ப்போம். ஓடு மாற்றி, ஒழுக்கை அடைத்து, அதே இடத்தில் வியாபாரத்தையும் நடத்துவோம். ஓவட்டோனாவில் நூறு வருஷமாகச் செய்து வந்தது அவ்வளவுதான்.